பேடில்போர்டு சொந்தமா வாங்குறது வொர்த்தா, இல்ல வாடகையே போதுமா?

ஏரிக்கரைவாசி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மண்டைய குடையுற விஷயம், தண்ணில நிறைய நேரம் இருக்குறவங்க இங்க இருக்கீங்க, அதனால கேக்குறேன். போன சீசன்லேர்ந்து லீவு நாள்ல ஏரிக்கு போய் பேடில்போர்டு (நின்னுக்கிட்டே துடுப்பு போட்டு ஓட்டுற மிதக்குற பலகை) வாடகைக்கு எடுத்து ஓட்டிட்டு இருக்கேன். சும்மா பாக்கலாம்னு தான் போனேன், இப்ப வாரக்கடைசி வந்தா மனசு அங்கயே போய் நிக்குது. முட்டி போட்டு ஆரம்பிச்சது, இப்ப கால் நடுங்காம நேரா போக வருது, திருப்பும்போது மட்டும் இன்னும் தடுமாறுது. நாள் பூரா உக்காந்து பாக்குற வேலை எனக்கு, முதுகுக்கு இதுல கிடைக்குற சுகம் வேற எதுலயும் கிடைக்கல.

இப்ப சொந்தமா ஒண்ணு வாங்கலாமான்னு யோசனை. வீட்டுக்காரம்மா கேக்குற கேள்வி நியாயமானது, "வாங்கி ஒரு மாசம் ஓட்டிட்டு அப்புறம் மூலையில போட்டுட மாட்டீங்களே?"ன்னு. கணக்கு போட்டு பாத்தேன், ஒரு செட் விலைய ஒரு தடவை வாடகையால வகுத்தா ரெண்டு சீசன்ல காசு எடுத்துடலாம் போல தான் இருக்கு, ஆனா கணக்கு மட்டும் பாத்து வாங்குற பொருள் இல்ல இதுன்னு தோணுது, அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

என் நிலைமைய சொல்லிடுறேன். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சின்ன கார், மேல ரேக் இல்ல. நான் 92 கிலோ, 5 அடி 10 இஞ்ச். பொண்ணுக்கு 7 வயசு, அவளும் முன்னாடி உக்காந்து வரணும்னு ஒரே அடம், அவ ஒரு 22 கிலோ இருப்பா. கடல் பக்கம் போற ஐடியா இல்ல, ஏரியும் மெதுவா ஓடுற ஆறும் தான். காத்தடிக்கிற போர்டா ஹார்டு போர்டா, எவ்ளோ நீளம், விலை கம்மியா வர்ற செட் எடுத்தா போதுமா, இல்ல வாங்கவே வேணாமா, எதுனாலும் மனசுல பட்டத சொல்லுங்க.


துடுப்புக்காரன்:

நண்பா, வாடகை கணக்க முதல்ல தூக்கி ஓரமா வைங்க. நீங்க வீட்டுலேர்ந்து கிளம்பி தண்ணில கால் வைக்கிற வரைக்கும் என்னென்ன வேலை இருக்கு, அத உங்களால அலுக்காம திரும்ப திரும்ப செய்ய முடியுமா, முடிவு பண்றது அது தான். போர்டு மூலைக்கு போறதுக்கு காரணம் ஆசை குறையுறது இல்ல, இந்த நடுவுல இருக்குற வேலை தான்.

என்ன வேலைன்னு பச்சையா சொல்றேன். பை, போர்டு, பேடில் (துடுப்பு), பம்ப், ஃபின் (போர்டு நேரா போறதுக்கு அடில மாட்டுற தகடு) எல்லாம் சேந்து 13லேர்ந்து 15 கிலோ வரும். அத மூணு மாடி இறக்கணும், கார்ல ஏத்தணும், கரையில பிரிக்கணும். அப்புறம் காத்து அடிக்கணும். கைப்பம்ப்ல ஆரம்பத்துல ஜாலியா போகும், மேல இழுத்தாலும் காத்து போகும் கீழ அமுக்கினாலும் போகும், ஆனா மீட்டர் ஊசி அசையவே அசையாது, பம்ப் கெட்டுப்போச்சோன்னு சந்தேகம் வரும், கெடல, போர்டு உருண்டு திரண்டு வந்தப்புறம் தான் ஊசி ஏற ஆரம்பிக்கும். 7, 8 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) தாண்டினதும் கை மட்டும் பத்தாது, உடம்பு மொத்தத்தையும் பம்ப் மேல சாச்சு அமுக்கணும். அந்த கட்டத்துல கீழ அமுக்கும்போது மட்டும் காத்து போற மாதிரி மாத்திக்கிற மூடி ஒண்ணு பம்ப்லயே இருக்கும், அத மாத்திட்டா கொஞ்சம் உயிர் வரும். 15 வரைக்கும் ஏத்தி முடிக்கும்போது சட்டை நனைஞ்சிருக்கும். இது எல்லாம் தண்ணில இறங்குறதுக்கு முன்னாடி. திரும்பி வந்ததும் மண்ண கழுவணும், துடைக்கணும், சுருட்டணும், மறுபடி மூணு மாடி ஏத்தணும், ஈரம் இருந்தா வீட்டுல விரிச்சு காயப்போடணும், இல்லன்னா பூஞ்சை பிடிச்சு பைய திறந்தாலே நாறும்.

இவ்ளோ சொல்லியும் நான் வாங்க சொல்ற ஆள் தான், அதுக்கு ஒரே காரணம் விடியக்காலை. ஏரி எப்ப நல்லா இருக்கும்? சூரியன் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடிலேர்ந்து அடுத்த ரெண்டு மூணு மணி நேரம். அப்ப காத்தே இருக்காது, தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும், பேடில் போட்டு எடுத்தா பிளேடு ஓரத்துல ரெண்டு சின்ன சுழி சுத்திக்கிட்டே பின்னாடி போறது தெளிவா தெரியும். வெயில் ஏற ஏற தரை சூடாகி காத்து கிளம்பிடும், மத்தியானம் ஆனா நின்னு ஓட்டுறதே போராட்டம். வாடகை கடை எப்ப திறக்குறாங்க? பெரும்பாலும் அந்த நல்ல நேரம் முடியும்போது. சொந்த போர்டு உங்களுக்கு வாங்கித் தர்றது அந்த காலை நேரத்த தான். உங்களுக்கு காலைல எந்திரிக்கிற பழக்கம் இருக்கா, ஏரி எவ்ளோ தூரம்? இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லுங்க, மீதிய அப்புறம் பேசலாம்.


கரைமணல்:

துடுப்புக்காரன் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஒரு வாடகை இடத்துல போர்டு குடுத்து சொல்லியும் குடுக்குறேன், அந்த பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, வாடகை போர்ட வச்சு பேடில்போர்டு இவ்ளோ தான்னு முடிவு பண்ணிடாதீங்க. நாங்க வச்சிருக்குறது யார் ஏறினாலும் கவுறாத மாதிரி அகலமான, கனமான போர்டு. புதுசா வர்றவங்களுக்கு அது தான் சரி. ஆனா நீங்க நேரா போற அளவுக்கு வந்துட்டீங்கன்னா அடுத்த தடவை டூரிங் போர்டு (தூரம் போறதுக்கான போர்டு) இருக்கான்னு கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்க, மூக்கு கூரா இருக்கும், 11 அடி 6 இஞ்ச்லேர்ந்து 12 அடி 6 இஞ்ச் வரைக்கும் வரும், ஒரு தடவை துடுப்பு போட்டா எவ்ளோ தூரம் வழுக்கிட்டு போகுதுன்னு பாத்தா அசந்துடுவீங்க. அது பிடிச்சா வாங்க வேண்டிய போர்டே மாறிடும்.

ரெண்டாவது, எடை. இதுல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பெட்டி மேல அதிகபட்சம் 140 கிலோ 150 கிலோன்னு போட்டிருப்பாங்க, அது மூழ்காம மிதக்குற கணக்கு, சுகமா ஓட்டுற கணக்கு இல்ல. அந்த நம்பர்ல மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் தான் நான் ஆள ஏத்துவேன், அதுக்கு மேல போனா போர்டு நடுவுல அமுங்கி மூக்கும் வாலும் மேல தூக்கிக்கும், எவ்ளோ தள்ளினாலும் நகராது. நீங்க 92, பொண்ணு 22, ஆக 114, லைஃப் ஜாக்கெட் தண்ணி பாட்டில் எல்லாம் சேத்தா 120ன்னு வைங்க. அப்ப பொதுவா எல்லாரும் வாங்குற 10 அடி 6 இஞ்ச் நீளம் 32 இஞ்ச் அகலம் உங்க ஒருத்தருக்கு சரியா இருக்கும், பொண்ணோட போறதுக்கு இறுக்கமா தான் இருக்கும். 11 அடிக்கு மேல, 33லேர்ந்து 34 இஞ்ச் அகலம், 180 கிலோ கிட்ட தாங்கும்னு போட்டது பாருங்க. கனம் 6 இஞ்ச்சுக்கு கொறையவே கூடாது, 4 இஞ்ச் போர்டு மெலிஞ்ச ஆளுக்கு ஓகே, உங்க எடைக்கு வளையும்.

மூணாவது, பழசு வாங்க தயங்காதீங்க. சீசன் முடியும்போது வாடகை இடங்கள்ல பழைய போர்ட வித்துடுவாங்க, வாங்கி ஒழுங்கா தொடக்கூட இல்லாம விக்கிறவங்களும் அப்ப தான் வருவாங்க. போய் பாக்கும்போது சுருட்டி வச்சத பாத்து காசு குடுத்துடாதீங்க, முழுசா காத்து அடிக்க சொல்லுங்க. ஓரமா ஒட்டு போற இடம் பூரா விரல் வச்சு தடவுங்க, உரிஞ்சு தூக்கிட்டு நிக்குதான்னு. வால்வு சுத்தி சோப்பு தண்ணி தடவி குமிழ் வருதான்னு பாருங்க. அடில ஃபின் மாட்டுற பெட்டில விரிசல் இருந்தா திரும்பி வந்துடுங்க, அத சரி பண்றது பெரிய வேலை.


நெடுந்துடுப்பு:

நான் ஹார்டு போர்டு கட்சி. எப்பாக்ஸி (கெட்டிப் பிசின்) போர்டு தண்ணிய கிழிச்சுட்டு போற சுகம் காத்து போர்டுல வராது, கால்ல தண்ணி அசையுறது அப்படியே தெரியும், பம்ப் அடிக்கிற வேலையும் இல்ல, எடுத்தோம் இறங்கினோம்னு இருக்கலாம். ஆனா மூணாவது மாடி, ரேக் இல்லாத கார், படிக்கட்டு திருப்பம் இதெல்லாம் படிச்சப்புறம் உங்களுக்கு ஹார்டு போர்டுன்னு சொல்ல எனக்கே மனசு வரல. சுவத்துல ஒரு இடி பட்டா தோல் உடைஞ்சு உள்ள ஃபோம் தண்ணி குடிக்கும். உங்களுக்கு காத்து போர்டு தான், அதுல ரெண்டாவது யோசனையே வேணாம்.

ஆனா ஒண்ணு சொல்லணும், எல்லாரும் போர்டு போர்டுன்னே பேசுறாங்க, பேடில யாரும் கண்டுக்கிறதே இல்ல. செட்டோட வர்ற அலுமினியம் பேடில் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும், கார்பன் பேடில் 600 கிராம்ல வந்துடும். 400 கிராம் தானேன்னு நினைக்காதீங்க, நிமிஷத்துக்கு 30 தடவை போடுறீங்கன்னு வைங்க, ஒரு மணி நேரத்துக்கு 1800 தடவை அந்த கூடுதல் எடைய தோள் உயரத்துக்கு தூக்குறீங்க, மொத்தமா 720 கிலோ. சாயங்காலம் தோள்பட்டை வலிக்குதுன்னா அது வயசு இல்ல, பேடில். காசு கொஞ்சம் மிச்சம் இருந்தா போர்டுல ஒரு படி கீழ இறங்கி பேடில்ல ஒரு படி மேல போங்கன்னு தான் யார் கேட்டாலும் சொல்வேன். முழு கார்பன் முடியலன்னா ஃபைபர்கிளாஸ் தண்டு எடுங்க.

நீளம் உங்க தலைக்கு மேல ஒரு சாண் இருக்கணும். அப்புறம் பிளேடு வளைவு முன்பக்கம் பாத்து சாஞ்சிருக்கணும், நிறைய பேர் கரண்டி மாதிரி தண்ணிய அள்ளணும்னு நினைச்சு திருப்பி பிடிக்கிறாங்க. நீங்க திருப்பும்போது தடுமாறுதுன்னு எழுதினதால ஒண்ணு, அடுத்த தடவை ஒரு கால மட்டும் அரை அடி பின்னாடி வச்சுட்டு, முட்டிய மடக்கி, மூக்குலேர்ந்து வால் வரைக்கும் பெரிய அரைவட்டமா பேடில சுத்தி இழுத்துப் பாருங்க. கண்ணு கால பாக்க கூடாது, போக வேண்டிய திசைய பாக்கணும்.


நீர்க்காகம்:

தம்பி, 7 வயசு பொண்ணையும் கூட்டிட்டு போறேன்னு எழுதியிருக்கீங்க, அதனால தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் முழுசா படிங்க. வாடகைக்கு எடுக்கும்போது கரையில ஒருத்தர் உங்கள பாத்துக்கிட்டே இருக்காரு. காத்து ஏறினா கூப்பிடுவாங்க, ரொம்ப நேரம் ஆனா படகு எடுத்துட்டு தேடி வருவாங்க. சொந்த போர்டு எடுத்துட்டு விடியக்காலைல ஆளில்லாத ஏரிக்கு போனா அந்த வேலை மொத்தமும் உங்க தலையில. வாங்குறது வொர்த்தான்னு பாக்கும்போது இதையும் சேத்து தான் பாக்கணும்.

லீஷ், அதாவது உங்களையும் போர்டையும் சேத்து கட்டுற கயிறு, இல்லாம இறங்கவே கூடாது. விழுந்தா என்ன, நீந்திப் போய் பிடிச்சுக்கலாம்னு தோணும். கொஞ்சம் காத்து இருந்தாலே ஆள் இல்லாத போர்டு நீங்க நீந்துற வேகத்த விட வேகமா ஓடிடும், எட்டி பிடிக்கவே முடியாது. ஏரிக்கு சுருள் லீஷ் நல்லது, பின்னாடி தண்ணில இழுபடாது. ஆனா நீங்க ஆறுன்னும் சொல்றீங்க, அங்க கணுக்கால்ல கட்டுற லீஷ் ஆபத்து. தண்ணி ஓடுற இடத்துல முள்ளு மரம், தூண் எதுலயாவது லீஷ் மாட்டிக்கிட்டா ஓட்டம் உங்கள தலைகீழா அமுக்கும், கைய கால் வரைக்கும் கொண்டு போய் அவுக்க முடியாது. அதுக்குன்னே இடுப்புல கட்டி ஒரே இழுப்புல கழண்டு வர்ற பெல்ட் லீஷ் இருக்கு, ஆறுக்கு அது இல்லாம போகாதீங்க.

லைஃப் ஜாக்கெட் உங்களுக்கும் வேணும், பொண்ணுக்கு அவ எடைக்கு ஏத்த சைஸ்ல தனியா வேணும், பெரியவங்க ஜாக்கெட்ட இறுக்கி கட்டி விட்டா விழுந்ததும் தலைவழியா கழண்டு வந்துடும். போட்டு விட்டு ரெண்டு தோள்பட்டைலயும் பிடிச்சு மேல தூக்கி பாருங்க, காதுக்கு மேல ஏறினா அந்த சைஸ் வேணாம். சட்டமும் இடத்துக்கு இடம் மாறுது, அமெரிக்காவுல 2008லேர்ந்தே நீச்சல் இடம், அலை சறுக்குற இடம் தாண்டி போனா பேடில்போர்டும் படகு கணக்கு தான்னு கோஸ்ட் கார்டு (கடலோர காவல் படை) வச்சிருக்கு, ஆளுக்கு ஒரு ஜாக்கெட் போர்டு மேல இருந்தே ஆகணும். நீங்க போற ஏரியில என்ன விதின்னு முதல்லயே கேட்டு வச்சுக்கோங்க, சில இடத்துல பதிவு பண்ணாம இறக்க விடமாட்டாங்க.

அப்புறம் காத்து. கரையிலேர்ந்து தண்ணி பக்கம் வீசுற காத்து தான் எமன். கரையோரம் மரம் மறைக்கிறதால தண்ணி அமைதியா தெரியும், உள்ள போனதும் தள்ளிட்டு போயிடும், திரும்பி வர்றப்ப தான் தெரியும் எவ்ளோ பலமா இருக்குன்னு. அதனால போகும்போது எப்பவும் காத்துக்கு எதிரா போங்க, களைச்சு திரும்பும்போது காத்தே கொண்டு வந்து விடும். மணிக்கு 18, 20 கிலோமீட்டர் காத்துன்னு வானிலை காட்டினா பொண்ணோட போகாதீங்க, ஏரி நடுவுல வெள்ளை நுரை தெரிஞ்சா தனியாவும் போகாதீங்க. மாட்டிக்கிட்டா நிக்காதீங்க, நின்னா உங்க உடம்பே பாய்மரம், முட்டி போடுங்க, அதுவும் முடியலன்னா படுத்து கையால தள்ளுங்க. தண்ணி குளிரா இருக்குற மாசத்துல விழுந்தா முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் மூச்சு கட்டுக்குள்ள வராது, அப்ப நீந்த பாக்காம ஜாக்கெட்ட நம்பி மிதங்க, மூச்சு அடங்கினதும் ஏறிக்கலாம். பொண்ணுக்கும் கரையோரம் இடுப்பளவு தண்ணில வேணும்னே விழ வச்சு, போர்டு நடுவுல இருக்குற கைப்பிடிய பிடிச்சு ஏற பழக்குங்க. விளையாட்டா பழகினா பயம் வராது.


காத்துவாக்கு:

எல்லாரும் வாங்கு வாங்குன்னா ஒரு மாத்து குரல் வேணும்ல. எங்க ஏரியில தினமும் காத்து தான், நின்னு ஓட்டுறதுக்கு நாள் அமையுறதே அபூர்வம், அதனால போர்ட வித்துட்டு உக்காந்து ஓட்டுற கயாக் எடுத்தேன், இப்ப காத்து இருந்தாலும் போறேன், பையனும் முன்னாடி சீட்ல சாஞ்சு உக்காந்துக்குறான், சாமான் வைக்க இடம் தாராளம். உங்க தண்ணி எப்படி இருக்குன்னு ஒரு வாரம் காலைலயும் சாயங்காலமும் போய் கவனிங்க ப்ரோ, காத்தோட இடம்னா கயாக் தான் புத்திசாலித்தனம், அதுலயும் காத்தடிக்கிற மாடல் இருக்கு. ரெண்டும் கெட்டான் வேணும்னா போர்டு ஓரத்துல உலோக வளையம் இருக்குற மாடல் பாத்து கயாக் சீட் மாட்டிக்கலாம், ரெட்டை பிளேடு பேடில் போட்டு உக்காந்தே தள்ளலாம், ஆனா முழு கயாக் சுகம் வராது.


ஏரிக்கரைவாசி:

இவ்ளோ பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. துடுப்புக்காரன் அண்ணா, ஏரி கார்ல 20 நிமிஷம் தான், காலைல 5 மணிக்கே எந்திரிச்சு நடக்க போற ஆள் நான், அந்த நடை நேரத்துல எத்தன தடவை ஏரிய பாத்துக்கிட்டே போயிருக்கேன், காத்து இல்லாம அப்படியே கிடக்கும். கடை திறக்குறது 10 மணிக்கு. நீங்க சொன்னது அப்படியே பொருந்துது. காத்துவாக்கு, கயாக் நல்ல யோசனை தான், ஆனா எனக்கு முதுகு நிமிர்ந்து நிக்கிறது தான் முக்கியமே. நீர்க்காகம் அக்கா, பெல்ட் லீஷ் விஷயம் சத்தியமா தெரியாது, பொண்ணு ஜாக்கெட்ட தான் முதல்ல வாங்குவேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். விலை கம்மி செட்டுக்கும் விலை கூட செட்டுக்கும் உள்ள என்ன தான் வித்தியாசம், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி தான இருக்கு? மின்சார பம்ப் வாங்கலாமா?


துடுப்புக்காரன்:

5 மணிக்கு எந்திரிக்கிற ஆள், 20 நிமிஷ தூரம், வாங்குங்க. இதுக்கு மேல யோசிக்க வேணாம், எத வாங்குறதுன்னு மட்டும் பாப்போம்.

உள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்களே. எல்லா காத்து போர்டும் டிராப் ஸ்டிட்ச் தான், அதாவது மேல் துணிக்கும் கீழ் துணிக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான நூல் ஒரே நீளத்துல நெய்து இழுத்துப் பிடிச்சிருக்கும், அதனால தான் பலூன் மாதிரி உருண்டையா போகாம பலகை மாதிரி தட்டையா நிக்குது. வித்தியாசம் அதுக்கு மேல எத்தன பிவிசி தோல், அத எப்படி ஒட்டியிருக்காங்க, ஓரத்துல எத்தன பட்டை, இதுல தான். ஒத்த தோல் போர்டு எடை கம்மி, விலை கம்மி, ஆனா உங்க எடைக்கு நடுவுல தொய்யும். ரெண்டு தோல் பசை போட்டு ஒட்டினது கெட்டியா இருக்கும், எடை கூடும், மூணு மாடிக்கு அது யோசிக்க வேண்டிய விஷயம். இப்ப வர்ற நல்ல போர்டுல ரெண்டாவது தோல கையால பசை தடவாம சூட்டுல இணைச்சுடுறாங்க, கெட்டியும் இருக்கும் எடையும் கம்மி, விலை தான் ஏறும். உங்களுக்கு அது தான் பொருந்தும், முடிஞ்சா போர்டு மட்டும் 10 கிலோவ தாண்டாம பாருங்க. கடையில பாக்குறப்ப முழுசா 15 பிஎஸ்ஐ அடிச்சு, ரெண்டு முனையையும் ரெண்டு பெஞ்ச் மேல வச்சு, நடுவுல ஏறி நின்னு பாக்க விட சொல்லுங்க, எவ்ளோ தொய்யுதுன்னு கண்ணுக்கே தெரியும். விளம்பரத்துல என்ன எழுதியிருந்தாலும் இந்த ஒரு சோதனை பொய் சொல்லாது.

அதிக விலைக்கு போய் தான் ஆகணும்னு இல்ல, அடிமட்ட விலை செட்ட மட்டும் விடுங்க. அதுல போர்ட விட முதல்ல போறது பம்ப்பும் பேடில் பூட்டும் ஃபின்னும் தான், அத ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி நடுத்தர செட் விலைக்கே வந்து நிப்பீங்க. ஃபின் பெட்டி எல்லாருக்கும் பொதுவான அளவுல இருக்கான்னு கேளுங்க, சில கம்பெனி தனக்குன்னு ஒரு அளவு வச்சிருப்பாங்க, ஃபின் தொலைஞ்சா அவங்ககிட்டயே தான் போகணும்.

மின்சார பம்ப், கண்டிப்பா. கார் 12 வோல்ட் சாக்கெட்ல சொருகி எத்தன பிஎஸ்ஐ வேணும்னு செட் பண்ணிட்டா பத்து நிமிஷம் கிட்டத்துல அதுவே அடிச்சு நிறுத்திக்கும், அந்த நேரத்துல பொண்ணுக்கு ஜாக்கெட் மாட்டி விடலாம். இன்ஜின ஓட விட்டே அடிங்க. ஆனா கைப்பம்ப்பும் கார்ல கிடக்கட்டும். ஒரு சின்ன விஷயம், அடிக்கிறதுக்கு முன்னாடி வால்வு நடுவுல இருக்குற குச்சிய விரலால அமுக்கி திருப்பி மேல வந்து நிக்கிற மாதிரி விடணும். அது கீழயே இருந்தா 15 வரைக்கும் அடிச்சுட்டு குழாய கழட்டின நொடியில புஸ்ஸுன்னு பெரிய சத்தத்தோட மொத்த காத்தும் போயிடும்.

வெயில் கனமா இருந்தா 13லயே நிறுத்துங்க, கரையில கிடக்கும்போது உள்ள காத்து சூடாகி அழுத்தம் தானா ஏறும், தண்ணில இறங்கினா இறங்கும். முழுசா அடிச்ச போர்ட வெயில்ல போட்டுட்டு சாப்பிட போகாதீங்க, ஓர ஒட்டு பிரியுறது பெரும்பாலும் இப்படி தான். பூட்டின கார்குள்ள வெயில்ல வைக்கிறதும் வேணாம். வீட்டுல கட்டிலுக்கு அடில நீளம் இருந்தா ரெண்டு பிஎஸ்ஐ காத்தோட அப்படியே தள்ளி வைங்க, மடிப்பு விழாது. இல்லன்னா இறுக்காம தளர்வா சுருட்டி வைங்க.


கரைமணல்:

பம்ப் பத்தி அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்குறேன், பஞ்சர் பயம் வேணாம். கல்லுல உரசி கிழியுறது அபூர்வம், நாங்க தினமும் கண்ட ஆளுங்ககிட்ட குடுத்தும் பெருசா கிழிஞ்சது இல்ல. காத்து இறங்குதுன்னா பத்துல ஒம்பது தடவை வால்வு லூசாகியிருக்கும், செட்ல வர்ற பிளாஸ்டிக் சாவிய உள்ள விட்டு ஒரு திருகு திருகினா சரியாயிடும். சின்ன ஓட்டைக்கு பிவிசி ஒட்டு போட்டு, பசை ரெண்டு பக்கமும் தடவி கொஞ்சம் காய விட்டு அப்புறம் அமுக்கி ஒட்டணும், அடுத்த 24 மணி நேரம் காத்து அடிக்காம விட்டா ஒட்டு உங்களுக்கும் மேல நிக்கும்.


ஏரிக்கரைவாசி:

முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்காரம்மாவும் திரி பூரா படிச்சாங்க, காலைல கடை திறக்குற முன்னாடின்ற விஷயத்துல தான் சரின்னாங்க. பழசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 11 அடி, 33 இஞ்ச், 6 இஞ்ச் கனம், ரெண்டு தோல், 180 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு, போர்டு எடை 10 கிலோ. ஒரு சீசன் தான் ஓட்டியிருக்காங்களாம். சனிக்கிழமை போய் பாக்கப்போறேன், அங்கயே காத்து அடிச்சு ஒரு மணி நேரம் போட்டு வச்சு ஊசி இறங்குதான்னு பாக்கலாம்னு இருக்கேன், விக்கிறவரும் சரின்னுட்டாரு. மிச்சமாகுற காசுல நெடுந்துடுப்பு சொன்ன மாதிரி ஃபைபர்கிளாஸ் பேடிலும், ரெண்டு ஜாக்கெட்டும், பெல்ட் லீஷும். வேற எதாவது அங்க கவனிக்கணுமா?


நெடுந்துடுப்பு:

அருமையான அளவு. ஒரு மணி நேரம் போட்டு வைக்கும்போது நிழல்ல போடுங்க, வெயில்ல வச்சா சூட்டுல அழுத்தம் ஏறி கசிவ மறைச்சுடும். டெக் பேட் (போர்டு மேல கால் வழுக்காம ஒட்டியிருக்குற மெத்தை) ஓரம் தூக்கியிருக்கான்னு பாருங்க, பொண்ணு உக்காருற முன்பக்கம் பேட் இருக்கா இல்ல வெறும் பிவிசியான்னும் பாத்துடுங்க, வெறும் பிவிசி ஈரமானா வழுக்கும். ஃபின்ன கையோட ஒரு தடவை மாட்டி கழட்டி பாருங்க, வளைவு வால் பக்கம் பாக்கணும்.


நீர்க்காகம்:

பொண்ண முதல் தடவை கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி நீங்க மட்டும் அந்த போர்டுல சில காலை ஓட்டி பழகிடுங்க தம்பி, எடைக்கு 20 லிட்டர் தண்ணி கேன முன்னாடி கட்டி வச்சு திருப்பி பாருங்க, அவ உக்காந்தா போர்டு எப்படி நடந்துக்கும்னு முன்னாடியே தெரிஞ்சுடும்.